தாத்தா சேர்த்துவைத்த பழைய பேப்பர்கள்: எடைக்குப் போடலாமா, விலை போகுமா?

பட்டாளத்துப் பேத்தி:

வணக்கம். கொஞ்சம் அவசரமாக ஒரு விஷயம் கேட்கவேண்டும், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பட்டாளத்தில், தாத்தா வாங்கிய ஓட்டு வீடு. அடுத்த மாதம் இடித்துக் கட்டப்போகிறோம் என்பதால் பரணைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அங்கே ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு கோணிப்பையும் இருந்தன, மூன்றிலும் பழைய பேப்பர். தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பாராம், படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தார் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். ஆயா இன்றைக்கும் சொல்லும். முக்கியமான நாள் என்று அவருக்குத் தோன்றினால் அந்தப் பேப்பரை மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவார். 1994இல் அவர் போனபிறகு யாரும் பெட்டியைத் திறக்கவில்லை.

நேற்று பழைய பேப்பர் வண்டிக்காரர் வந்தார். மொத்தம் நாற்பது கிலோ இருக்கும், கிலோ 14 ரூபாய் தருகிறேன் என்றார். சரி என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். மேலே கிடந்த ஒரு பேப்பரைப் பார்த்ததும் நிறுத்தி, "இதை மட்டும் தனியா குடுத்துடும்மா, 500 ரூபா தரேன்" என்று சொன்னார். அது 1947 ஆகஸ்ட் 15 தேதி போட்ட இங்கிலீஷ் பேப்பர். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். ராத்திரி செல்போனில் தேடினால் அதே தேதிப் பேப்பருக்கு ஒருவர் 75,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்த அண்ணன், விற்றால் அஸ்திவாரச் செலவுக்கு ஆகும் என்கிறான். ஆயாவுக்கோ எதையும் கொடுக்க மனசில்லை.

மேலோட்டமாகப் பார்த்ததில் இருப்பவை: அந்த 1947 பேப்பர். காந்தி சுடப்பட்ட மறுநாள், 1948 ஜனவரி 31 தேதித் தமிழ்ப் பேப்பர் ஒன்று. அண்ணா இறந்த 1969 பிப்ரவரியில் தொடர்ச்சியாகப் பதினோரு நாள். 67 தேர்தல் சமயத்தில் கொஞ்சம். 83இல் கபில் கோப்பை வாங்கியது, 84இல் இந்திரா காந்தி, 87 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இவை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று. பிறகு சினிமா விளம்பரம் முழுப் பக்கமாக வந்தவை பல. இது தவிர மில் சங்கத்து நோட்டீசுகளும் நாலு பக்கத் தாள்களும் ஒரு கட்டு, சணல் போட்டுக் கட்டியது. அதை வண்டிக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

2015 வெள்ளத்தில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். பரணுக்கு வெள்ளம் ஏறவில்லை, ஆனால் ஓடு ஒழுகி ஒரு கோணியின் அடிப்பகுதி நனைந்து ஒட்டிப்போயிருக்கிறது.

இதற்கெல்லாம் உண்மையிலேயே மதிப்பு உண்டா? யாரிடம் காட்டுவது? எதைப் பிரித்து வைப்பது, எதை எடைக்குப் போடுவது?

பழையதாள்:

முதலில் ஒன்று, தங்கச்சி. மாதக் கடைசி, இடிக்கிற வேலை என்ற அவசரத்தில் ஒரு தாளைக்கூட வெளியே விடாதீர்கள். பெட்டியை உறவுக்காரர் வீட்டில் ஒரு கட்டிலுக்கு அடியில் வைத்தால் போதும், விலை பிறகு பார்க்கலாம். நான் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிவதற்கு முன்னாலிருந்தே அங்கே நடைபாதையில் குனிந்து பொறுக்கியவன், அந்த வியாபாரிகள் அல்லிக்குளம் போனபிறகும் விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். அவசரத்தில் விற்றவர்கள் வருத்தப்பட்டதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த 75,000 ரூபாயை மறந்துவிடுங்கள். அது கேட்கிற விலை. நான் கேட்பேன், நீங்கள் கேட்பீர்கள், கேட்பதற்குக் காசா பணமா? யாராவது கொடுத்து வாங்கியிருக்கிறார்களா என்பதுதான் விஷயம். அந்தத் தளத்திலேயே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். ஒரே பேப்பர் இரண்டு வருடமாக அதே விலையில் விற்காமல் கிடப்பதும் தெரியும், அதே தேதி சில நூறு ரூபாய்க்குப் போனதும் தெரியும்.

இப்போது அந்த 1947 பேப்பர். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 1947 ஆகஸ்ட் 15 முதல் பக்கம் நினைவுப் பிரதியாகப் பல முறை திரும்ப அச்சாகியிருக்கிறது. அந்த நகல்களும் இப்போது பழுத்து மஞ்சளாகிவிட்டன. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, பேப்பரைச் சமமான மேசையில் விரியுங்கள். ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஈய எழுத்தில் கோத்து அழுத்தி அடித்தது, எழுத்தின் அழுத்தம் மறுபக்கம் மெல்லிய மேடாகத் தெரியும், விரல் நுனியால் தடவினாலும் தட்டுப்படும். பின்னால் வந்த ஆஃப்செட் நகலில் தாள் வழுவழுவென்று இருக்கும்.

அடுத்தது கறை. நகல் எடுப்பவர்கள் ஒரு பழைய பிரதியைப் படம் பிடித்துத்தான் அச்சடிக்கிறார்கள், அதில் இருந்த கறை, கிழிசல், மடிப்புக்கோடு எல்லாம் மையோடு மையாக அச்சாகிவிடும். முன்பக்கம் தெரிகிற கறை பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான தண்ணீர்க் கறை தாளுக்குள் இறங்கியிருக்கும், இரண்டு பக்கமும் தெரியும். அப்புறம் எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். முதல் பக்கத் தாள் மட்டும் தனியாக இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகம். விலை எந்தக் காசில் போட்டிருக்கிறது என்றும் பார்க்கவேண்டும், 1957 ஏப்ரல் 1 வரை நம்மிடம் அணாக் கணக்குதான், அதற்கு முந்தைய தேதிப் பேப்பரில் நயா பைசா வரவே முடியாது.

தமிழ்ப் பேப்பருக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். எழுத்தைப் பாருங்கள். 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன்னால் லை, ளை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்து எழுதுவார்கள், ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்துப் போகும். 1948 தேதி போட்ட பொதுவான தமிழ் நாளேட்டில் "தலைவர்" என்ற சொல் இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி அச்சாகியிருந்தால் அது பின்னால் கோத்தது. "விடுதலை" நாளேட்டுக்கு மட்டும் இது பொருந்தாது, பெரியார் 1935இலேயே தம் பத்திரிகைகளில் புதிய எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் காலத் தமிழ்ப் பேப்பர்களில் தமிழ் வருடமும் போட்டிருக்கும். 1947 ஆகஸ்ட் என்றால் சர்வசித்து, 1969 பிப்ரவரி என்றால் கீலக.

மதிப்பு எப்படி வருகிறது என்று கேட்டீர்கள். செய்தி பெரியதாக இருந்தால் விலை பெரியதாக இருக்கும் என்று நினைக்கிறோம், பல சமயம் நேர்மாறாக நடக்கிறது. எம்.ஜி.ஆர். இறந்த மறுநாள் பேப்பரை எத்தனை வீட்டில் எடுத்து வைத்தார்கள் என்று யோசியுங்கள். அச்சடித்ததே லட்சக்கணக்கில், அதில் பாதுகாத்தவர்களும் ஆயிரக்கணக்கில். இந்திரா காந்தி, ராஜீவ் காந்தி, உலகக் கோப்பை எல்லாம் அப்படித்தான். வாங்குகிறவருக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். எதை யாரும் எடுத்து வைக்கவில்லையோ அதைத்தான் தேடி அலைகிறார்கள். ஒரு பத்திரிகையின் முதல் இதழ், சீக்கிரமே நின்றுபோன பத்திரிகை, அரசாங்கம் பறிமுதல் செய்தது, சின்ன ஊரில் நானூறு ஐந்நூறு பிரதி அடித்தது. பாரதி ஆசிரியராக இருந்த "இந்தியா" இதழ் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் நான் இன்றைக்கே ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.

அதனால் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் அந்தச் சணல் கட்டைப் பற்றித்தான் எனக்கு ஆவல். அதில் என்ன தேதி இருக்கிறது, யார் அச்சிட்டது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். கட்டைப் பிரிக்கும்போது சணலை இழுக்காதீர்கள், கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுத்தால் ஓரம் உதிரும்.

ராயபுரத்தான்:

பழையதாள் அண்ணா சொன்னதை என் அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் நைனாவும் இப்படிச் சேர்த்தவர், ஹார்பரில் வேலை. நான் ஆறு வருடம் முன்னால் எம்.ஜி.ஆர். பேப்பர் ஏழு, இந்திரா காந்தி நாலு எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம் ஒருவரிடம் போனேன். மொத்தமாகச் சேர்த்து 900 ரூபாய் கொடுத்தார். நான் எதிர்பார்த்தது பத்து மடங்கு. அன்றைக்குக் கோபம் வந்தது, இப்போது யோசித்தால் அவர் கொடுத்தது நியாயமான விலைதான், ஏனென்றால் அவர் கடையிலேயே அதே பேப்பர் ஒரு அடுக்கு இருந்தது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் வேறு. மீதியை வீட்டில் இடமில்லை என்று ஒரு காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். அதில் நைனா வைத்திருந்த துறைமுகத் தொழிலாளர் கூட்ட நோட்டீசுகள், வேலைநிறுத்தத் துண்டறிக்கைகள், கப்பல் வரும் நாள் போட்ட பட்டியல்கள் எல்லாம் இருந்தன. துறைமுகத் தொழிலாளர் வரலாறு பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் போன வருடம் எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கேட்டார், இந்த மாதிரித் தாள் யாரிடமாவது இருக்கிறதா என்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டார். இருந்தது, போட்டுவிட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

அவரே சொன்ன இன்னொன்று. வடசென்னை சம்பந்தப்பட்ட செய்தி உள்ளே எட்டாம் பக்கத்தில் சின்னதாக வந்திருந்தாலும் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு போட்டதே, அதற்கு அடுத்த சில நாள் பேப்பர் யாரிடமாவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களாம். அதனால் தலைப்புச் செய்தியை மட்டும் பார்த்துப் பிரிக்காதே தங்கச்சி, உள்பக்கமும் பார்.

இன்னும் ஒன்று, அந்த வண்டிக்காரரைத் திட்டவேண்டாம். 500 தருகிறேன் என்று வாயைத் திறந்து சொன்னாரே, அதுவே நல்ல மனசு. சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

ஏடுகாப்பவள்:

நான் ஒரு நூலகத்தில் தாள் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். விலை பற்றி எனக்குப் பேசத் தெரியாது, ஆனால் தாளைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று சொல்ல முடியும். கெட்டுப்போனால் விலையும் இல்லை, ஆவணமும் இல்லை.

செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. மரத்தில் இருக்கிற லிக்னின் என்ற பொருளைப் பிரிக்காமல் அப்படியே அரைத்துச் செய்வதால், காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகி, அமிலம் ஊறி, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே போகும். அதனால்தான் அடுக்கின் நடுவில் இருந்த பேப்பர் எண்பது வருடம் ஆகியும் ஓரளவு வெளுப்பாகவே இருக்கிறது, மேலே கிடந்தது பத்து வருடத்தில் பழுத்துவிடுகிறது.

தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். பொக்கிஷம் என்று நினைத்துப் பலர் முதலில் செய்கிற வேலை அதுதான். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளே அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், வாங்குகிறவரும் தொடமாட்டார். செல்லோ டேப்பும் கூடாது. பத்துப் பதினைந்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் எண்ணெய்க் கறையாக எழுத்தைத் தின்றுகொண்டு நிற்கும். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வையுங்கள். ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், குண்டூசி எதுவும் வேண்டாம், நம் பக்கம் கடல் காற்றில் ஊசியும் பின்னும் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும்.

நான்காக மடித்து வைத்திருந்தால் மெதுவாக இரண்டாகத் திறந்து, நடு மடிப்பு மட்டும் இருக்கிற மாதிரி படுக்கப்போடுங்கள். மடிப்பு முறுக்காக இருந்தால் ஒரேயடியாக விரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் கொஞ்சம் திறங்கள். தட்டையான அட்டைப்பெட்டி, அமிலமில்லாத தாளில் செய்த உறை கிடைத்தால் மிகவும் நல்லது. தரையில் வைக்கவேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். கரையானும் வெள்ளிப்பூச்சியும் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். அந்துருண்டையைத் தாளுக்கு நடுவில் போடுகிறார்கள், அது தாளில் படக்கூடாது, நாமும் அதை மூடிய அறையில் சுவாசிக்கக்கூடாது.

ஒட்டிப்போன அந்த அடிக்கட்டை நீங்களாகப் பிரிக்கவே வேண்டாம். காய்ந்து ஒட்டியதை இழுத்தால் எழுத்தோடு உரிந்து வரும். கருப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை தெரிந்தால் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, அதை மட்டும் தனியாக நிழலில் காற்றாட வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வெளிநாட்டில் வாங்குகிறேன், பார்சலில் அனுப்பு என்று யாராவது சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் போன்றவை 75 ஆண்டு தாண்டிவிட்டால் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும், தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் 1948 பேப்பர் அந்த வயதைத் தாண்டிவிட்டது, கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அனுப்பினால் சிக்கல்.

பட்டாளத்துப் பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து நானும் ஆயாவும் இதே வேலையாக உட்கார்ந்திருந்தோம். அண்ணனும் மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்துகொண்டான்.

1947 பேப்பர் நகல்தான். ஜன்னல் ஓரம் வைத்துத் தடவிப் பார்த்தேன், பின்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் ஒரு மடிப்புக்கோடு தெரிகிறது, ஆனால் தாத்தா மடித்த மடிப்பு அதற்கு இரண்டு விரல் கீழே இருக்கிறது. அந்த மேல்கோட்டை நகத்தால் தொட்டேன், மடிப்பே இல்லை, வெறும் சாம்பல் நிறக் கோடு, அச்சில் வந்தது. வலது ஓரத்தில் டீ சிந்தின மாதிரி ஒரு கறை, திருப்பினால் பின்னால் ஒன்றும் இல்லை. அண்ணன் தானே நாலு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் வைத்துவிட்டான். தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, யாரோ கொடுத்ததை வைத்திருந்திருப்பார் என்று ஆயா சொல்கிறது.

1948 பேப்பர் உண்மையானது என்றுதான் தோன்றுகிறது. தும்பிக்கை லை இருக்கிறது, விலை அணாவில் இருக்கிறது, எழுத்தைத் தடவினால் தட்டுப்படுகிறது. ஆனால் நடுத்தாள் இல்லை. 3, 4, 5, 6 பக்கங்கள் காணோம், 2க்கு அடுத்து 7 வருகிறது.

சணல் கட்டைக் கத்தரித்துப் பிரித்தோம். மொத்தம் 63 தாள். 1940களின் கடைசியிலிருந்து 1960களின் நடுவரைக்கும் இருக்கிறது. பாதிக்குமேல் ஒரு பக்க நோட்டீஸ்: கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, யார் பேசுகிறார்கள், பஞ்சப்படி எவ்வளவு கேட்கிறோம், போனஸ் பேச்சுவார்த்தை என்ன ஆயிற்று. நாலு பக்கத் தாள்கள் பதினெட்டு, அவற்றில் சில தொடர்ச்சியாக இருக்கின்றன. கீழே அச்சகத்தின் பெயர் சிலவற்றில் இருக்கிறது, சூளை, பெரம்பூர் என்று.

ஆனால் ஒரு குறை. தாத்தா நீலப் பென்சிலால் நிறைய எழுதிவைத்திருக்கிறார். ஓரமெல்லாம் கணக்கு. ஒரு நோட்டீசில் வரிசையாகத் தேதி போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே "வேலை இல்லை", "வேலை இல்லை" என்று எழுதி, கடைசியில் அரிசிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, யாரிடம் கடன் என்று கூட்டிப்போட்டிருக்கிறார். இப்படிக் கிறுக்கியிருந்தால் மதிப்புக் குறைந்துவிடுமா? அழிப்பானால் அழிக்கலாமா?

பழையதாள்:

அழிக்காதீர்கள்! ஒரு கோடுகூட அழிக்காதீர்கள். இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது எனக்கு.

சொல்கிறேன். கடையில் விற்கிற பேப்பர் என்றால் பேனாக் கிறுக்கல் விலையைக் குறைக்கும், உண்மை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட நினைக்கிறவருக்கு சுத்தமான பிரதி வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பது அந்த வகை இல்லை. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று நம் பெரம்பூரில் இந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் முன்னால் நின்றார்கள். 1921இல் வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம், துப்பாக்கிச்சூடு. தலைவர்கள் பேசியது புத்தகத்தில் இருக்கிறது, அரசாங்கம் எழுதியது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தறி ஓட்டிய ஒருவர் வேலை இல்லாத நாளில் அரிசிக்கு என்ன செய்தார் என்று அவர் கையாலேயே எழுதி, சங்கத்து நோட்டீசின் ஓரத்தில் இருப்பது எங்கே இருக்கிறது? உங்கள் பரணில் இருக்கிறது.

பெரிய நாளேடுகளுக்குக் கவலை இல்லை. 1954ஆம் வருடத்துச் சட்டமும் 1956இல் அதில் செய்த திருத்தமும் இருப்பதால் நாளிதழ் நடத்துகிறவர்கள் கன்னிமாரா நூலகத்துக்குப் பிரதி அனுப்பவேண்டும், யாராவது எங்காவது வைத்திருப்பார்கள். சங்கத்து நோட்டீசை எந்த நூலகத்துக்கும் யாரும் அனுப்பியிருக்கமாட்டார்கள். கேட்டில் கொடுப்பார்கள், படித்துவிட்டு வடை மடித்துத் தின்பார்கள். அறுபத்து மூன்று தாள் ஒரே வீட்டில் தங்கியதே பெரிய விஷயம்.

பணமாக என்ன கிடைக்கும் என்று அண்ணன் கேட்பார், நேராகவே சொல்கிறேன். இந்தக் கட்டுக்குக் கடைத்தெருவில் நிலையான விலை என்று ஒன்று கிடையாது. வியாபாரி வாங்கினால் குறைவாகத்தான் வாங்குவார், அப்புறம் தாள் தாளாகப் பிரித்து விற்பார், அதோடு கட்டு செத்துவிடும். சேர்ந்து இருப்பதுதான் இதன் மதிப்பு. பிரித்தால் 63 துண்டுத் தாள், அவ்வளவுதான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசுகளும் பத்திரிகைகளும்தான் அதற்கு அடித்தளம், இந்த மாதிரித் தாளின் அருமை அவர்களுக்குத் தெரியும். போய்ப் பேசுங்கள், கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று இல்லை, படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பதாக இருந்தால் எழுத்து மூலமாக ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், யார் கொடுத்தது என்று தாத்தா பெயர் அதில் இருக்கவேண்டும்.

போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண், தேதி, தலைப்பு, அச்சகம், எத்தனை பக்கம், எங்கே கிழிசல். எண்ணைத் தாளில் எழுதாதீர்கள், உறையில் எழுதுங்கள். இருபுறமும் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். பட்டியல் இருந்தால் பேசுகிற இடத்தில் மரியாதையே வேறு.

மற்றவற்றில், 1969 பிப்ரவரிப் பதினோரு நாளையும் பிரிக்காமல் வையுங்கள். ஒரு நாள் பேப்பர் நிறையப் பேரிடம் இருக்கும், இடைவிடாமல் பதினோரு நாள் இருப்பது குறைவு, அதற்கு ஒரே ஆளாக வாங்குகிறவர் வருவார். சினிமா விளம்பரத்துக்கு நல்ல கிராக்கி உண்டு, ஆனால் விளம்பரத்தை வெட்டி எடுத்துத் தரச் சொன்னால் தராதீர்கள், முழுத்தாளாகவே கொடுங்கள். 1948 பேப்பரில் நடுத்தாள் இல்லாததால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். போருக்குப் பிறகும் காகிதத் தட்டுப்பாடு இருந்த காலம், பக்கங்களே கொஞ்சம், அதில் நாலு பக்கம் போனது பெரிய இழப்பு. இருந்தாலும் ஒட்டிய கோணிக்குள் அந்த நடுத்தாள் கிடக்கலாம், தேடாமல் விடாதீர்கள். எம்.ஜி.ஆர்., இந்திரா காந்தி, கபில் மூன்றிலும் நல்லதாக ஒவ்வொன்று வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றால் தப்பில்லை, வருகிற காசு அஸ்திவாரத்துக்கு ஆகாது, ஆயாவுக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக்கு ஆகும்.

ராயபுரத்தான்:

அந்த ஆராய்ச்சிப் பெண் பெரம்பூர் மில்லைப் பற்றியும் கேட்டார் தங்கச்சி. அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. நீ சரி என்று சொன்னால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.

பட்டாளத்துப் பேத்தி:

அனுப்புங்கள் அண்ணா, கண்டிப்பாகப் பேசுகிறேன்.

பட்டியல் ஆரம்பித்துவிட்டேன், 22ஆம் தாள் வரை வந்திருக்கிறேன். ஏடுகாப்பவள் அக்கா சொன்ன மாதிரி ஒட்டிய கோணியைப் பிரிக்கவில்லை, ஓட்டேரியில் சித்தி வீட்டு நிழலில் காற்றாட வைத்திருக்கிறது. மீதிப் பெட்டியும் சனிக்கிழமை அங்கேதான் போகிறது, அண்ணனே வண்டி பேசிவிட்டான்.

நேற்று ராத்திரி அந்த "வேலை இல்லை" நோட்டீசை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கடன் வாங்கியவர் பெயர் வந்ததும் ஆயா நிறுத்தச் சொன்னது. அது எதிர்வீட்டில் இருந்தவராம், கடனைத் திருப்பிக் கொடுத்தபோது பாதிதான் வாங்கிக்கொண்டாராம். அதை எழுதி வைத்திருக்கிறாரா பார் என்று கேட்டது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஓரத்தில், அதே நீலப் பென்சிலில், சின்னதாக "பாதி விட்டார்" என்று இருக்கிறது.